பனைமர முட்டு

மே மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன், அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தேன், இட்லி ஊற்றினேன். எட்டு மணிக்கு ஆட்கள் வந்து, முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஓடுகளோடு சேர்ந்து உதிர்ந்த பழைய நிலக்கரித் தூசியின் வாசனையில் எனக்குப் பரண் நினைவுக்கு வந்தது.

அப்பா மைன்ஸில் ஷிப்ட் வேலை பார்த்தார். நைட் ஷிப்ட் முடித்து அவர் பகலில் தூங்கும்போது, ஒரே கூடமான அந்த வீட்டில் நானும் அக்காவும் புத்தகத்தின் பக்கத்தைக்கூடச் சத்தமில்லாமல்தான் புரட்ட வேண்டும். அக்கா பிளஸ் டூ வந்த வருடம், அவள் படிக்கப் பரணை ஒழித்துக் கொடுத்தார். ஆனால் அங்கே நிமிர்ந்தால் தலையில் இடித்தது, இரண்டு பக்கத்துக் கூரையையும் இழுத்துப் பிடித்திருந்த குறுக்குச் சட்டம்.

"எடுத்தா ஒண்ணும் ஆவாதா?" என்றாள் அம்மா.

"மைன்ஸ்ல மலை மாதிரி மெஷினையே பிரிச்சி மாட்டறவன். இந்தக் கட்டைக்குப் பயப்படுவனா?"

அறுத்தெடுத்தார். அக்கா பரணில் நேராக நின்று சிரித்தாள். ஐப்பசி மழையில் ஓடுகள் நனைந்து கனத்தபோது, பிடிமானம் இல்லாத கூரை விரிந்து, பெரியப்பா வீட்டுப் பக்கத்துச் சுவரை வெளியே தள்ளியது. விரிசலில் என் கை நுழைந்தது.

பாகம் பிரித்த நாளிலிருந்து அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் பெரியப்பா, தன் மாட்டுக் கொட்டகைக்கென்று வைத்திருந்த பனைமரத்தைத் தன் தோட்டத்தில் சாய்த்து நட்டு, எங்கள் சுவருக்கு முட்டுக் கொடுத்தார். கொடுத்ததோடு நிறுத்தவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, "என் தம்பி மாடி கட்னான். நாந்தான் தாங்கிகினு நிக்கிறேன்" என்றார்.

அன்று முதல் அப்பா டீக்கடைக்குப் போகவில்லை. ஷிப்ட் பஸ்ஸுக்கும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார். சுவரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பெரியப்பா தோட்டத்தில் கால் வைக்க வேண்டும். அதற்கு அவரிடம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு பரண் ஏறவே இல்லை. மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த என் வகுப்புத் தோழி ஒருத்தி, "ஏண்டி, உங்க வீட்டுக்குக் கால் உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். அதன் பின் யாரையும் நான் வீட்டுக்கு அழைத்ததில்லை. அந்த வீட்டில் நாங்கள் நால்வரும் தலை குனிந்தே நடக்கப் பழகினோம், பரணில் மட்டும் நிமிர்ந்து நிற்க இடமிருந்தது.

ஞாயிறு மாலைக்குள் ஓடும் சுவரும் போய்விட்டன. பெரியப்பா தோட்டத்தில் முட்டு மட்டும் எதையும் தாங்காமல் சாய்ந்து நின்றது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, டீகூடக் குடிக்காமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, இத்தனை வருடம் கால் வைக்காத அந்தத் தோட்டத்துக்குள் போனார். நான் பின்னால் போனேன். இருவருமாக மரத்தைப் பெயர்த்து, கொட்டகையோரம் கிடத்தினோம். குழியை அப்பா கையாலேயே மண் தள்ளி மூடினார்.

பெரியப்பாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. சத்தம் கேட்டுக் கயிற்றுக் கட்டிலிலிருந்து, "யாருங்க அது?" என்றார்.

அப்பா கை மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நாந்தாண்ணே" என்றார்.