துண்டுக்கு அடியில் புண்ணாக்கு விலை

எங்கள் வீட்டில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. மாமா புரோக்கர். கொச்சியில் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் தேங்காய்ப் புண்ணாக்கை விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று பேரம் முடித்துக் கொடுப்பது அவர் வேலை. அங்கே பேரம் என்றால் பேசுவது இல்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரித்து, அதற்கு அடியில் இரண்டு பேரும் கையைக் கொடுத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையை நகத்தால் கீறினால் அரை. வாய் மழையைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். சுற்றி இருபது பேர் நின்றாலும் உள்ளே விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடு இருந்தார். அப்பாவுக்கு ஏலூர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார், இருக்கிற நேரமும் தூங்குவார். அதனால் எனக்கு விளையாட்டுக் காட்டியது மாமாதான். சாயங்காலம் சாயா குடித்துவிட்டு என் கைமேல் துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார். எத்தனை என்று நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் நான் ஜெயித்தமாதிரி. எனக்குப் பத்து வயது. எழுபதுகளின் கடைசி.

அம்மா ஒரு பசு வைத்திருந்தாள். சிவப்பு நிறம், செவலை என்று கூப்பிடுவோம். காலையில் ஒன்பது வீடுகளுக்குப் பால் போகும். அம்மாவுக்கு முழங்காலில் வலி. பால் ஊற்றிவிட்டுத் திரும்பி வரும்போது படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடவை, எங்கள் சந்து முனையில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள். வந்ததும் முதல் வேலை புண்ணாக்கை ஊறப்போடுவது. எங்கள் வீட்டில் தினமும் முதலில் சாப்பிட்டது செவலைதான்.

அந்த வருடம் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்தது. புண்ணாக்கு விலை ஏறியது. வாரம் ஒருமுறை ஏறியது, பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. ஏன் ஏறுகிறது என்று நான் எல்லோரையும் கேட்டேன், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புண்ணாக்குக் கடைக்காரர், மழையில் கொப்பரை காயவில்லை, செக்குக்குச் சரக்கு வரவில்லை என்றார். எதிர் வீட்டில் இரண்டு எருமை வைத்திருந்த அக்கா, பொள்ளாச்சிப் பக்கம் கடலைப் புண்ணாக்கு விலை ஏறிவிட்டது, அதனால் எல்லோரும் தேங்காய்ப் புண்ணாக்கின் மேல் விழுகிறார்கள் என்றாள். மில்லில் வேலை செய்த அவள் புருஷன், எண்ணெய் விற்கவில்லை, மில் அரை நாள்தான் ஓடுகிறது, எண்ணெய் ஆட்டாவிட்டால் புண்ணாக்கு எங்கிருந்து வரும் என்றார். எண்ணெய் விற்காததால் புண்ணாக்கு விலை ஏறுகிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

மாமாவைக் கேட்டேன்.

"புண்ணாக்குக்குன்னு தனியா விலை கிடையாது கண்ணு. எண்ணெய்க்குத்தான் ஆட்டறாங்க. இது மிச்சம். அந்த மிச்சத்துக்கு எவன் போட்டிக்கு வர்றானோ அவன்தான் விலை."

இப்போது போட்டிக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டேன். கப்பல் என்றார். ஐலண்டில், அந்தத் துறைமுகத் தீவில், ஒரு கப்பல் நிற்கிறது, மூட்டை மூட்டையாகப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு வெளிநாடு போகப் போகிறது, அங்கே மாடுகளுக்கு அதுதான் தீனி என்றார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. மழை இல்லாத ஏதோ ஊரில், கண்ணால் பார்த்திராத வெள்ளைக்கார மாடு ஒன்று எங்கள் செவலையின் தொட்டியில் வாய் வைத்துக்கொண்டிருந்தது.

கடைக்குப் போய்ப் புண்ணாக்கு வாங்கி வருவது என் வேலை. கடைக்காரர் தராசில் கட்டிகளைப் போடும்போது சும்மா கேட்பதுபோல் கேட்பார். மாமா எழுந்தாச்சா, இன்றைக்கு ஷேவ் பண்ணினாரா, எந்தப் பக்கம் போனார். விரல் பேசுவதை யாரும் கேட்க முடியாது என்பதால், கடைத்தெருவில் எல்லோரும் விரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, பதில் சொன்னால் ஒரு கருப்பட்டிக் கட்டி கிடைக்கும் என்பதுதான். மாமா குடையும் வெள்ளைச் சட்டையுமாக ஐலண்ட் போகும் படகைப் பிடிக்கப் போனார் என்று சொன்ன அன்று சாயங்காலமே விலை ஏறியது. மாமா தலைவலி என்று படுத்திருக்கிறார் என்று சொன்ன அன்று ஏறவில்லை. இரண்டு மூன்று தடவை இப்படி நடந்ததும் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. விலை மழையில் இல்லை, மில்லில் இல்லை, கப்பலில்கூட இல்லை. நான் சொல்வதில் இருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகு மாட்டு வியாபாரி வந்தான். பள்ளுருத்தியிலிருந்து வந்தவன். செவலையின் முதுகை அழுத்திப் பார்த்தான், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தான், மடியை ஒரு தட்டுத் தட்டினான். அதற்கு முந்தின ஞாயிறு அப்பா, மாட்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருந்தார். அம்மா வியாபாரியிடம், இனி ஒரு தடவை விலை ஏறினால் கொடுத்துவிடுகிறேன், வெள்ளிக்கிழமை வா என்றாள். சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். செவலை அவள் தலைமுடியை நக்கியது. அவள் தள்ளிவிடவில்லை.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் நான் கடைக்குப் போனேன். கடையில் இன்னும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். கடைக்காரர் மகளே என்பதற்கு மோளே என்றுதான் சொல்வார், வழக்கம்போல் கேட்டார்.

"மோளே, மாமா எங்க, ஐலண்டுக்குப் போயிட்டாரா?"

நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தை. நனைந்த மூட்டையில் பூஞ்சை பிடித்தால் கப்பல்காரர்கள் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மாமா ஒருநாள் அம்மாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது.

"இல்ல. புண்ணாக்கு பூஞ்ச புடிச்சிடுச்சாம். கப்பல்ல ஏத்தமாட்டாங்களாம். மாமா வீட்ல சொல்லிட்டிருந்தாரு."

கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். கைக்கு வந்த அளவு கருப்பட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, குடைகூட எடுக்காமல் மழையில் இறங்கிக் கிடங்குகள் இருக்கும் பக்கம் ஓடினார். ஒதுங்கி நின்ற இரண்டு பேரும் மழை விடும்வரை காத்திருக்கவில்லை. தராசில் புண்ணாக்கு அப்படியே இருந்தது. நானே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மாமா அன்று ஐலண்டில்தான் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் விலை விழுந்துவிட்டது.

வியாழக்கிழமை அம்மா ஒரு முழு மூட்டை வாங்கினாள். எங்கள் வீட்டுக்கு முழு மூட்டை வந்தது அதுதான் முதல் தடவை. கைவண்டிக்காரர் அதை இறக்கி வைத்தபோது செவலை கழுத்தை நீட்டி மோந்து பார்த்தது. வெள்ளிக்கிழமை வந்த வியாபாரியை அம்மா வாசலிலேயே அனுப்பிவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் அன்று யாரோடும் சண்டை போடவில்லை. உலகம் எனக்குக் கட்டுப்பட்டிருந்தது.

சனிக்கிழமை கப்பல் திட்டப்படி சரக்கு ஏற்றிக்கொண்டு போனது. பூஞ்சை ஒன்றும் இல்லை. விலை பழைய இடத்துக்கு வந்து, அதற்கும் மேலே போனது. எங்களுக்கு என்ன, மூட்டை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்.

"நீ கடையில ஏதாவது சொன்னியா?"

என் வாயில் சோறு இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். மாமா "சரி" என்றார். கை கழுவிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவர் எங்கே போனார், அங்கே என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். புதன்கிழமை பயந்துபோய்க் கையில் இருந்த சரக்கையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்ட நாலைந்து வியாபாரிகள் அந்த ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் கூடியிருந்தார்கள். புரோக்கர் யாருக்கோ மலிவாக வாங்கிக் கொடுப்பதற்காக வதந்தி கிளப்பிவிட்டார் என்பது அவர்கள் புகார். கடைக்காரர் நடுவில் நின்று, மோள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன், கூட இரண்டு பேரும் கேட்டார்கள் என்றாராம். கருப்பட்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குழந்தையிடம் துப்புக் கேட்டுத்தான் வியாபாரம் செய்தோம் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா.

மாமா அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசாமல் இருப்பதுதான் அவர் தொழில். அன்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்.

"எங்க வீட்டுப் பிள்ள பொய் சொல்லாது."

அந்தக் கூட்டத்தில் பெரியவராக இருந்த வியாபாரி சிரித்தாராம். "அப்ப சரி. பொய் சொல்லாத பிள்ள சொல்லியிருக்கு. வீட்ல கேட்டத சொல்லியிருக்கு. வீட்ல அத சொன்னது யாரு?"

பிள்ளை பொய் சொல்லும் என்று மாமா சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். கடைத்தெருவில் அது ஒரு நாள் சிரிப்போடு போயிருக்கும். அவர் சொல்லவில்லை. இன்னொரு தடவை அவளைக் கேட்டுப் பாரேன் என்று அம்மா அன்று ராத்திரி சொன்னதற்கு, ஒரு தடவை கேட்டாச்சு அக்கா, போதும் என்றாராம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. என் பொய் வியாழக்கிழமை மூட்டையோடு முடிந்துவிட்டது என்று இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வழக்கம்போல் காலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவார், பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிடுவார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பார்த்தேன். கிடங்கு வாசலில் ஒரு சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டு அவர் தோளில் மடித்தது மடித்தபடியே இருந்தது. யாரும் அவரிடம் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டு கூட வந்தார். மாமாவுக்கு இப்போது லீவு போல என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் அவர் போவதை நிறுத்திக்கொண்டார். அம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, ஒன்பது வீட்டுப் பாலையும் அவரே ஊற்ற ஆரம்பித்தார். மழைத்தண்ணீர் விழாமல் பால் பாத்திரத்தின் வாயை அந்தத் துண்டால் மூடிக்கொண்டு போவார். புண்ணாக்குக் கடையைத் தாண்டித்தான் நாலு வீடுகளுக்குப் போக வேண்டும். கடைக்காரர் அவரைப் பார்த்தால் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார் என்று எதிர் வீட்டு அக்கா சொல்வாள். மாமா போகும் வேகம் மாறாதாம். புண்ணாக்கு வாங்க என்னை அதற்குப் பிறகு யாரும் அனுப்பவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, கருப்பட்டிதான் கொஞ்ச நாள் ஞாபகத்தில் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம், மழை விட்டிருந்தது. மாமா சமையலறைப் படியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாக நாங்கள் விரல் விளையாட்டு விளையாடவில்லை. நானே கொடியில் இருந்த துண்டை எடுத்து வந்து அவர் மடியில் போட்டேன். அதில் பால் வாடை அடித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் துண்டை விரித்தார். நான் கையை உள்ளே கொடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். விரல் எதையும் பிடிக்கவில்லை. உள்ளங்கையைக் கீறவும் இல்லை. என் கை முழுவதையும் தன் கைக்குள் மூடி அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நான் அழுத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஐந்தா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினார். பத்தா என்றேன், அதற்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை விட்டுவிட்டுத் துண்டை மடித்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நாலாக.

அவருக்கு எண்ணே கிடைக்கவில்லை, நான்தான் ஜெயித்தேன் என்று முடிவு செய்துகொண்டேன். கொல்லைப்பக்கம் ஓடிப்போய், "அம்மா, மாமா தோத்துட்டாரு" என்று சொன்னேன். அம்மா குனிந்து தொட்டியில் ஊறின புண்ணாக்கைக் கையால் கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.