லட்சுமியின் நடையைக் குறைத்தேன்

1. திரும்பக் கூடாது

குதிரையைப் பிடித்து நடத்துகிறவன் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று எனக்கு முதலில் சொன்னது அதுதான். சாப்பாட்டு நேரத்தைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வெளியூர்களில் பந்தயக் குதிரை லாயங்களிலேயே முப்பது வருடத்தைக் கழித்திருந்தேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மதுரைக்குத் திரும்பினேன். பிள்ளைகள் கிடையாது. மேலூர் ரோட்டில், ஒத்தக்கடை தாண்டி, ஊனமுற்ற பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் குதிரை வாங்கிவிட்டு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும்.

குதிரையின் பெயர் லட்சுமி. கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. மேளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் பழகியதால் எதற்கும் மிரளாது.

அங்கே பிசியோதெரபிஸ்ட் ரேவதி மேடம். சின்ன வயது, கறாரான ஆள். "குதிரை நடக்கிறப்ப மேல இருக்கிற பிள்ளையோட இடுப்பு, நாம நடக்கிறப்ப அசையிற மாதிரியே அசையும்ண்ணே. அந்த ஆட்டத்துக்கு உடம்பு தன்னால ஈடு குடுத்துப் பழகும். அதான் நம்ம வைத்தியம். நீங்க முன்னாடி மட்டும் பாத்து நடங்க. நீங்க திரும்புனா லட்சுமி நின்னுரும். பிள்ளைகிட்டயும் பேசாதீங்க. ரெண்டு பேரு குரல் கேட்டா அது குழம்பும்" என்றார்.

முப்பது வருடம் குதிரையோடு கிடந்தவனுக்கு நேற்று வந்த பெண் பாடம் எடுக்கிறதே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. ஒரு பக்கம் மேடமும் மறு பக்கம் ஆயாவும் பிள்ளையின் தொடையைப் பிடித்தபடி கூடவே வருவார்கள். முன்னால் கயிற்றோடு நான். பின்னால் சிரிப்பார்கள், எண்கள் சொல்லுவார்கள், பந்து பிடிப்பார்கள். எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடக்கும். லாயத்துக்குப் பக்கத்திலேயே எனக்கு ஓர் அறை. சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறிப் போனதும் நானும் லட்சுமியும் மட்டும் இருப்போம்.

2. தர்ஷினி

பொங்கல் முடிந்து வந்தது அந்தப் பிள்ளை. ஆறு வயது. கால் இரண்டும் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். இடுப்புக்கு மேலே உடம்பு நிற்காது. உட்கார வைத்தால் துணி மூட்டையாகச் சாயும். அவள் அம்மா கற்பகம், டி. கல்லுப்பட்டியிலிருந்து அவளை இடுப்பில் சுமந்துகொண்டு, மாட்டுத்தாவணியில் பஸ் மாறி, செவ்வாயும் வெள்ளியும் வருவாள்.

"தானா பெஞ்சுல உக்காந்தா ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறேன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க மேடம். சாஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க. எம்பிள்ளைக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. அம்புட்டு எழுத்தும் தெரியும். இந்த ஒண்ணுக்காகத்தான் அலையுறேன்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

முதல் நாள் பத்து அடி போவதற்குள் பிள்ளை வீறிட்டது. "அம்மா, விழுகப் போறேன்!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிற்றை லேசாகப் பிடித்து லட்சுமி எட்டு வைக்கும் தூரத்தைக் குறைத்தேன். அழுகை நின்றது. இன்னும் குறைத்தேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல? அன்று ராத்திரி சோறு வடிக்கும்போதுகூட அது காதிலேயே இருந்தது. என்னோடு யாரும் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு செவ்வாய், வெள்ளி எப்போது வரும் என்று காத்துக் கிடந்தேன். அவள் ஏறினாலே லட்சுமியைப் பூப்போல நடத்துவேன். வளைவை அகலமாகச் சுற்றுவேன். மேடு பள்ளம் பார்த்து ஒதுக்குவேன். "தாத்தா குதிரை சூப்பர்" என்பாள். எனக்குப் பெருமை பிடிபடாது.

3. கடிகாரம்

பங்குனி வந்துவிட்டது. பிள்ளை வந்த நாள் எப்படிச் சாய்ந்தாளோ அப்படியேதான் சாய்ந்தாள். ரேவதி மேடத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பயிற்சிகளை மாற்றிப் பார்த்தார், பெல்ட்டை மாற்றிப் பார்த்தார். ஒருநாள் கற்பகம், பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுகிற மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

"இனிமே வரல மேடம். எதுக்கு வெயில்ல பிள்ளையையும் வதைச்சுக்கிட்டு?"

"இன்னும் ஒரு மாசம் பாப்போம்மா" என்றார் மேடம். அவர் குரலிலும் தெம்பு இல்லை. பாவம் அந்தப் பிள்ளை என்று நானும் வருத்தப்பட்டேன். வெட்கம் கெட்டவன், வருத்தம் வேறு பட்டேன்.

அடுத்த செவ்வாய் மேடம் குதிரையோடு நடந்து வரவில்லை. தன் இடத்தில் இன்னொரு ஆயாவை நிறுத்திவிட்டு, வேப்ப மரத்தடியில் கைக்கடிகாரத்தோடு நின்றார். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு லாயத்துக்கு வந்தார்.

"அண்ணே, மத்த பிள்ளைகளுக்கு ஒரு சுத்து மூணு நிமிசம். தர்ஷினிக்கு அஞ்சு நிமிசம். ஏன்?"

"பயப்படுதுல்ல மேடம்" என்றேன்.

"பயப்படட்டும்ண்ணே! ஆடுனாத்தானே உடம்பு நிமிரப் பாக்கும்? நீங்க தொட்டில்ல போட்டுத் தூங்க வச்சிருக்கீங்க. ரெண்டு மாசத்துக்கு மேல போச்சு. அந்தம்மா ரெண்டு பஸ் மாறித் தூக்கிட்டு வந்தது எதுக்கு, இதுக்கா?"

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. கண் கலங்கிக் கேட்டார். அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிள்ளைக்காக ஒன்றும் நான் நடையைக் குறைக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக அவளுடைய பள்ளிக்கூடத்தைக் கெடுக்கப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கற்பகத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமேயாச்சும் ஒழுங்கா நடத்துங்கண்ணே" என்றாள்.

4.

அன்றே லட்சுமியை அதன் முழு எட்டில் விட்டேன். வளைவுகளைக் குறுக்கித் திருப்பினேன். நிறுத்தி நிறுத்திக் கிளப்பினேன். பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாள்.

"இந்தத் தாத்தா வேணாம்! கெட்ட தாத்தா! வேற ஆள வரச் சொல்லுங்க!"

பதில் சொல்லக் கூடாது, திரும்பக் கூடாது. கயிற்றைப் பிடித்தபடி நடந்தேன். பங்குனி வெயிலில் கண்ணில் வடிந்தது வியர்வைதான் என்று யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கவில்லை.

வாரக்கணக்கில் அப்படித்தான் போனது. அழுகை நின்றது. சிரிப்பு திரும்ப வரவில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வைகாசியில் ஒருநாள் மேடையை விட்டுக் கிளம்பியதுமே மேடத்தின் குரல் மெதுவாகக் கேட்டது. "கைய எடுத்துட்டோம்ண்ணே. திரும்பிராதீங்க. அப்படியே போங்க."

போனேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பக்கவாட்டில் கற்பகம் வாயில் கை வைத்து நிற்பது தெரிந்தது. ஆயாமார்கள் பார்த்தார்கள், வாட்ச்மேன் பார்த்தான். மேடைக்கு வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் திரும்புவதற்குள் பிள்ளை அம்மா தோளில் இருந்தாள். முழுதாக ஒரு சுற்று, தானாக உட்கார்ந்திருந்தாளாம்.

ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சேதி சொல்ல மல்லிகைப் பூவோடு கற்பகம் வந்தாள். தர்ஷினி லட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தாத்தாவுக்கும் தாங்க்ஸ் சொல்லு" என்றதும் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, சின்னப் பிள்ளை."

"நினைக்க என்னம்மா இருக்கு? உக்காந்துட்டாள்ல, அது போதும். பஸ்ஸு வருது, கிளம்புங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நமக்கு ஆறுதலாக இருப்பதெல்லாம் பிள்ளைக்கு நல்லதென்று நினைத்துவிடாதீர்கள். கயிற்றைப் பிடித்தவனைப் பிள்ளைக்குப் பிடிக்காமல் போகலாம். போகட்டும். நடையைக் குறைக்காதீர்கள்.

அன்று கேட் வரைக்கும் போய் நின்றேன். பஸ் கிளம்பியது. கற்பகம் அவளை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. ஜன்னல் ஓரத்தில் பிள்ளை தனியாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.