பட்டாளத்து லாரியில் பாழூர் பார்த்தோம்

எந்த ஊருக்குப் போனாலும் லாரிக்காரன் கண்ணில் முதலில் படுவது வண்டி நிறுத்த இடம்தான். ஸ்டியரிங் பிடித்துக் கை காய்த்துப்போன அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பூந்தமல்லிக்காரன். சண்டைக் காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டு இத்தாலியில் கிடந்தேன். சண்டை வடக்கே நகர்ந்த பிறகு, ஓய்வு நாட்களில் சிப்பாய்களை ஏற்றிப்போய்ப் பழைய இடிபாடுகளைக் காட்டிவரும் வேலை என் தலையில் விழுந்தது.

பம்பாய்

"நாளைக் காலை பொம்பேய்" என்றார் காப்டன். எங்கள் மெக்கானிக் காசிம் பாய், அவரும் பூந்தமல்லிதான், அதைப் பம்பாய் என்று கேட்டுவிட்டார். ஊருக்குக் கப்பலேற்றத் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்து, எல்லோருக்கும் முன்னால் சவரம் செய்து, டிரங்குப் பெட்டியோடு வண்டியில் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் ரிப்பேர் சாமான் இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

இறங்கினால் தெருத்தெருவாகக் கூரையில்லாத வீடுகள். ரோமாபுரிக்காரர் காலத்தில் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர், பெயர் பொம்பேய் என்று சொன்னேன். காசிம் பாய் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, "வந்தது வந்துட்டோம், பாத்துட்டே போவலாம். பொட்டிய ஒரு பக்கம் நீ புடி" என்றார்.

மூலைக் கடை

அதே ஊரில், இரண்டு தெரு கூடும் மூலையில் ஒரு கல் மேடை. அதில் பானை பதிக்க வட்ட வட்டமாய் ஓட்டைகள். அது சோற்றுக்கடை என்று வழிகாட்டி வாயருகே கை கொண்டுபோய்க் காட்டினான். எங்கள் சமையல்காரன் முனுசாமி, கள்ளிக்குப்பத்து ஆள், மேடைக்கு அந்தப் பக்கம் போய் நின்று இரண்டு தெருவையும் பார்த்தான். ஓட்டைக்குள் கைவிட்டு ஆழம் பார்த்தான். நேரமாகிறது என்று கூப்பிட்டேன். "எடம் நல்லாத்தான் கீது. அந்த மலை மட்டும் பக்கத்துல இல்லன்னா நானே எடுத்து நடத்துவேன்" என்றான்.

சாமி இல்லாத கோயில்

இன்னொரு நாள் தெற்கே, கடலோரம் கிரேக்கர் கட்டிய கோயில்களுக்குப் போனோம். பருத்த கல் தூண்கள், உள்ளே ஒன்றுமில்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, முனுசாமி பூப்பறிக்க வெள்ளை நாடா கட்டிய எல்லையைத் தாண்டிவிட்டான். நாடாவுக்கு அப்பால் கண்ணிவெடிகளை இன்னும் எடுத்து முடிக்கவில்லை.

"முனுசாமி, அப்பிடியே நில்லு" என்றார் காசிம் பாய், பதறாமல். "வந்த காலடி தெரியுதா? அது மேலயே கால வெச்சு வா." மழை பெய்த ஈர மண், தடம் தெரிந்தது. அவன் அடிமேல் அடி வைத்து வந்து சேர்ந்தான். வந்தவன் கையில் பூ அப்படியே இருந்தது. நேரே உள்ளே போய் வெறுங்கல்லின்மேல் வைத்தான்.

காசிம் பாய்க்கு அப்போதுதான் கோபம் வந்தது. "சாமியே இல்லாத கோயிலுக்குப் பூ எதுக்குய்யா?"

முனுசாமி கல்மேல் இருந்த பூவை நேராக்கி வைத்தான். "நான் திரும்பி வந்துட்டேன்ல பாய்? அப்ப யாரோ கீறாங்க" என்றான்.

பின்சுவர்

சண்டை முடிந்து மூவரும் முழுசாக ஊர் திரும்பினோம். என் மனைவி தனத்திடம் தெருக்கள், தூண்கள் எல்லாவற்றையும் சொன்னேன். இடிந்த சுவர்களைப் பார்க்கத் தேசதேசமாய் ஆட்கள் வருவார்கள் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நம்ம பின்பக்கத்து சொவுரு ஐப்பசி மழையில உழுந்து கெடக்குது. அத்தப் பாக்க நீ ஒரு ஆளு வந்தா போதும்" என்றாள்.

மறுநாள் மண் குழைத்து அதை எழுப்பி முடித்தபோது தெரிந்தது, இடிந்த சுவரைப் பார்ப்பதில் இல்லாத முதுகுவலி எல்லாம் அதை எழுப்புவதில்தான் இருக்கிறது என்று.