ஒரே ரத்தம், மூன்று எண்கள்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தராசு’. பத்தொன்பது வருடங்களாக ஹார்மோன் பிரிவு அவள் பொறுப்பு. காலையில் இயந்திரக் கம்பெனி தந்த சோதனை மாதிரியை ஓட்டிப் பார்ப்பாள். இம்மி பிசகினாலும் அன்றைக்கு ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது.

தங்கைக்கு மாதவிலக்கு தள்ளிப்போனபோது ரத்தம் எடுத்தவளும் அவள்தான். ஆண் ஹார்மோன் எழுபத்தொன்று. பெண்களுக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது. டாக்டர் எழுதிய மாத்திரையை எட்டு மாதமாகத் தலைசுற்றலோடு விழுங்கினாள் தங்கை. பிறகு வேறு ஊருக்குக் குடிபோனவள் ஒருநாள் போன் செய்தாள்.

“அக்கா, இங்க இருபத்தெட்டுன்னு வந்திருக்கு.”

“மாத்திரைக்கு அவ்வளவு இறங்காது. எவனோ தூங்கி வழிஞ்சுக்கிட்டே பாத்திருப்பான். கிளம்பி வா.”

வந்தாள். ஒரே தடவை எடுத்த ரத்தத்தை மூன்று குழாய்களில் பிரித்து, இரண்டை வேறு கூடங்களுக்கு அனுப்பினாள் அக்கா. முடிவுகள் வந்தன: இவளிடம் அறுபத்தொன்பது, மற்றவற்றில் நாற்பத்தாறு, முப்பது.

உண்மையான அளவை நுட்பமான முறையில் கண்டறிந்து முத்திரையிட்ட மாதிரியைத் தரும் மையம் ஒன்று இருந்தது. எழுதிக் கேட்டு வாங்கினாள். குப்பியில் இருபத்தைந்து என்று போட்டிருந்தது. அவள் இயந்திரம் அறுபத்திரண்டு என்றது. மறுபடி ஓட்டினாள். அறுபத்துமூன்று. பத்தொன்பது வருடமும் அந்தக் கம்பெனி இயந்திரத்தை அதே கம்பெனியின் மாதிரியை வைத்தே சரிபார்த்திருக்கிறாள்; இரண்டும் ஒன்றாகத் தவறினால் அதில் தெரியாது.

“எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா. இதைப் போய்ப் பெருசு பண்ணாதீங்க,” என்றார் மேனேஜர்.

“என் தங்கச்சி எட்டு மாசம் மாத்திரை சாப்பிட்டிருக்கா சார்.”

அன்றே அந்தப் பரிசோதனையை நிறுத்தினாள். அந்த வருடம் அளவு கூடுதல் என்று ரிப்போர்ட் வாங்கிப் போன நூற்றுப் பதினாறு பெண்களுக்கும் தானே போன் செய்தாள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி அழுதாள்.

டாக்டர் தங்கையின் மாத்திரையை நிறுத்தினார். தலைசுற்றல் போயிற்று, கோபம் போகவில்லை.

“உன் கையெழுத்து இருந்துச்சுன்னுதானே நான் வேற எங்கயும் காட்டல?”



கம்பெனி ஆட்கள் வந்து அளவீட்டைத் திருத்தப் பல வாரங்கள் ஆயின. நாற்பத்தாறு காட்டிய கூடமும் தன் அளவீட்டைத் திருத்திக்கொண்டது. இப்போது மூன்று கூடங்களும் மாதம் ஒருமுறை அந்த மையத்தின் மாதிரியை ஓட்டி எண்களை ஒப்பிடுகின்றன. போன மாதம் இருபத்துநான்கு, இருபத்தாறு, இருபத்தைந்து. அவள் மட்டும் இன்னும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஓட்டுகிறாள்.