சுவிட்சில் கட்டிய துணி

குச்சி என்ற பெயர் இப்போது அவளுக்குப் பொருந்தாது. நாற்பதைத் தாண்டிவிட்டாள், உடம்பும் போட்டுவிட்டது. ஆனால் பள்ளத்துப் பக்கம் வந்து அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. குச்சி வீடு என்றால் சின்னப் பிள்ளைகூடக் கொண்டுவந்து விடும். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. யாராவது கேட்டால், "அதுங்க சோம்பேறிங்க. மிச்ச மூணுதான் உழைக்குது" என்பாள்.

பதினாறு வயதில் காலையில் பள்ளிக்கும் மாலையில் சலவைக் கூடத்துக்கும் போனாள். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் துண்டுகள், மேட்டுப் பக்கத்து வீடுகளின் திரைச்சீலைகள் எல்லாம் அங்கேதான் வந்து வெளுத்தன. அம்மா இஸ்திரி மேடையில். குச்சியும் தாடியும் உருளைகளில். தாடிக்கு அப்போது தாடி கிடையாது. மோவாயில் முளைத்த நாலு முடியைத் தடவிக்கொண்டே திரிந்ததால் வந்த பெயர். இருவரும் ஒரே வகுப்பு. பேருந்து நிறுத்தத்தில் மேட்டுப் பையன்கள், குச்சி வந்தால் சோப்பு நாற்றம் என்று மூக்கைப் பொத்தியபோது, தாடி தனியாளாக நாலு பேரோடு மல்லுக்கு நின்று உதடு கிழிந்து வந்தான்.

"ஜெயிச்சியாடா?"

"அவனுங்க சட்டையும் இனிமே நாறும். எல்லாம் என் ரத்தம்."

துணி துவைக்கும் அந்த உருளைகள் ஆள் உயரம். பழைய இயந்திரங்கள். கதவு திறந்திருந்தாலும் சுவிட்சைப் போட்டால் சுற்றும். உள்ளே நூலும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் யாராவது தவழ்ந்து போய்ப் பிய்த்தெடுக்க வேண்டும். சுவிட்ச் இருந்ததோ பின்பக்கச் சுவரில். அங்கே நிற்பவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. அதனால், உள்ளே போகிறவர் முதலில் சுவிட்சில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போவார். என்ன துணியானாலும் சரி. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், மேஸ்திரிகூடத் தொடமாட்டார். ஒருமுறை பாய்லர்காரர் கட்டியதை மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே யாருமில்லை என்று எல்லாரும் எட்டிப் பார்த்தாயிற்று. இருந்தும் ஆள் அனுப்பி, குளித்துக்கொண்டிருந்த மனிதரை ஈரத் தலையோடு கூட்டிவந்தார்கள். அவர் வழியெல்லாம் வைதுகொண்டே வந்து அவிழ்த்துவிட்டுப் போனார்.

முதலாளியின் மகனைச் சின்னவர் என்பார்கள். குச்சியைவிட ஒரு வயது மூத்தவர். தொழில் தெரியட்டும் என்று அப்பா அவரை ஒரு விடுமுறை முழுக்க உருளைகளுக்கு அனுப்பியிருந்தார். வேலை சொல்லிக்கொடுத்தது குச்சி. அவர் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டு உள்ளே போன நாள்களில் அவள் சுவிட்சுக்கு முன்னால் காவல் நின்றிருக்கிறாள். ஆள் மோசமில்லை என்று அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறாள். பள்ளி திறந்த பிறகு, பேருந்து நிறுத்தத்தில் அவர் அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அதன்பின் ஒரு நாள் மாலை அவர் இரண்டு நண்பர்களோடு, பந்தாட்டச் சட்டைகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டைகள் உடனே வேண்டுமாம். இரண்டு உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் தாடி இருந்தான். குச்சி அதன் வாயருகே நின்று, அவன் நீட்டிய பஞ்சை வாளியில் வாங்கிக்கொண்டிருந்தாள். இரைச்சலில் பின்பக்கம் நடந்தது அவளுக்குக் கேட்கவில்லை. இஸ்திரி மேடையிலிருந்து அம்மா பார்த்தாள். சுவிட்சில் தாடியின் சாயம்போன துண்டு தொங்கியது. நண்பர்களில் ஒருவன் அதைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தான். சின்னவர் அதை உருவி, குனிந்து தன் ஷூவைத் துடைத்து எறிந்துவிட்டு, சுவிட்சைப் போட்டார்.

உருளை அசைந்ததும் குச்சி துணி தள்ளும் கட்டையை இடுக்கில் சொருகினாள். கட்டை முறிந்தது. முறிந்த துண்டை மறுபடி திணித்தாள், கையும் சேர்ந்து உள்ளே போயிற்று. உருளை திணறியது. அம்மா ஓடிவந்து, சுவிட்சருகே மரம்போல் நின்ற சின்னவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு அணைத்தாள். தாடிக்குத் தோளும் தொடையும் உடைந்திருந்தன. உயிர் இருந்தது.

மறுநாள் முதலாளி அவர்களுடைய ஒற்றை அறைக்கே வந்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து குச்சியைச் சிங்கக்குட்டி என்றார். பள்ளிக்கூடத்தில் மேடை போட்டு மாலை போடப்போகிறார்களாம். கல்லூரிப் படிப்பு அவர் பொறுப்பாம்.

"ஒண்ணே ஒண்ணும்மா. விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவார். சுவிட்சுல துணி எதுவும் இல்லைன்னு சொல்லிடு. உள்ள இருந்த பையன் கட்ட மறந்துட்டான், அவ்வளவுதான்."

"அப்ப தப்பு தாடி மேலயா?"

"படுத்துக் கிடக்கிறவனுக்கு அதுக்கு மேல என்ன கெடுதல் வந்துடப்போகுது?"

என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். தவறு அவனுடையது என்றால் வைத்தியச் செலவு அவன் வீட்டுத் தலையில் விழும். அந்தக் காலோடு வேறெங்கும் வேலையும் கிடைக்காது. முதலாளி போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். "நான் பார்த்ததை யார்கிட்டயும் சொல்லல. நீயும் வாயைத் திறக்காத. நம்ம ரெண்டு பேர் சோறும் அங்கதான் இருக்கு."

ஆஸ்பத்திரியில் தாடியும் அதையே சொன்னான். "நான் கட்டலைன்னே சொல்லிடு. காலேஜ் போ. நம்ம பக்கத்துலேர்ந்து ஒருத்தராவது போகட்டும்."

"உடைஞ்சது தொடைன்னு சொன்னாங்க. மண்டையும் உடைஞ்சிருக்கா?"

"நிஜமாத்தான் சொல்றேன் குச்சி."

"வாயை மூடிட்டுப் படுடா."

விசாரணை நாளன்று இயந்திரங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தன. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து குச்சி பார்த்ததில்லை. ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். முதலாளி அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றார், அவருக்குப் பின்னால் சின்னவர்.

"துணி கட்டியிருந்ததா?" என்றார் அதிகாரி.

"கட்டியிருந்தது சார். அவனோட துண்டு."

முதலாளி சட்டென்று வழியை மாற்றினார். "இருந்திருக்கலாம் சார். இங்க எங்க பார்த்தாலும் கந்தல்தான். துடைக்கிற துணின்னு நினைச்சு என் பையன் எடுத்துட்டான். அவன் படிக்கிற பிள்ளை, இவங்க வழக்கமெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி தலையாட்டினார். துணி கட்டுவது எந்த விதியிலும் இல்லை என்றார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். குச்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

குச்சி குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். கட்டுப்போட்ட கையாலும் பல்லாலும் இழுத்து, அதை இரண்டாவது உருளையின் சுவிட்சில் முடிந்தாள்.

"இதுவும் துடைக்கிற துணிதான் சார். அவரை அவிழ்த்துட்டு சுவிட்சைப் போடச் சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?" என்றார் முதலாளி.

"போடட்டுமே," என்றார் அதிகாரி.

"போடுடா. போட்டுத் தொலை," என்று முதலாளி மகனை அதட்டினார்.

சின்னவர் வந்தார். கை துணிவரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, குச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள யாரு இருக்கா?" என்றார்.

அந்த அமைதியில் அது எல்லாருக்கும் கேட்டது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "துடைக்கிற துணிக்கும் உள்ள ஆள் இருக்கிறதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

முதலாளிதான் நிறையப் பேசினார். தாடியின் வைத்தியம் முழுவதும் சலவைக் கூடத்தின் செலவு என்று அன்றே முடிவாயிற்று. அன்று மாலையே குச்சியையும் அம்மாவையும் இனி வரவேண்டாம் என்றார்கள்.

அம்மா வாசலைத் தாண்டும்வரை பொறுத்தாள். தெருவில் கால் வைத்ததும் தொடங்கினாள். "மாலை போச்சு, காலேஜ் போச்சு, வேலையும் போச்சு. இனி உன் நாக்கை அறுத்து வறுத்துத் திங்கலாம், நீளமாத்தான் இருக்கு." குச்சி கூடவே நடந்தாள்.

மேட்டுப் பாதை பிரியும் இடத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. சின்னவர் இறங்கினார்.

"நான் வேணும்னு செய்யல. அவனுங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு துணிக்குப் பயப்படுறியான்னு ஒருத்தன் கேட்டான். அதான்..." பிறகு அம்மாவிடம், "அப்பாகிட்ட பேசி உங்க வேலையை வாங்கித் தர்றேன்" என்றார்.

"வேண்டாம் தம்பி," என்றாள் அம்மா. "நீங்க உருவுனதை நானும் பார்த்தேன். அன்னைக்கு உங்களைப் பிடிச்சுத் தள்ளினேன் இல்ல, இன்னும் கொஞ்சம் நல்லாத் தள்ளியிருக்கணும்."

குச்சி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவனிடம் சொன்னாள். "எங்ககிட்ட எதுக்குச் சொல்ற? தாடிகிட்ட போய்ச் சொல்லு."

"எந்த வார்டு?"

"கேட்டுக்கிட்டுப் போ. உள்ள யாரு இருக்கான்னு கேட்க உனக்குத் தெரியுமே."

அவன் வண்டியைப் பிடித்தபடி நின்றான். இருவரும் பள்ளத்துப் பாதையில் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும், அம்மா விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டத் தொடங்கினாள்.