பீப்பி சாரும் பதினோரு பெட்டிகளும்

தொழிற்பயிற்சிப் பள்ளியின் ஸ்டோர் கீப்பருக்குக் கோபம் வந்தால் இடது காது சிவந்துவிடும். கேட்காத காது அதுதான். ஜன்னல் வழியே ஸ்பேனரையும் கையுறையையும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. காது சிவந்திருக்கிறது என்று முதலில் வந்தவன் சைகை காட்டினால் போதும், பின்னால் நிற்கிற அத்தனை பேரும் பூனை மாதிரி வரிசையில் நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பீப்பி சார் என்று பெயர். கிளாரினெட் வாசிக்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவருக்கும் அது தெரியும். அதற்கு மட்டும் அவர் கோபித்துக்கொண்டதில்லை.

பத்தொன்பது வயதில் ராணுவ பேண்டில் சேர்ந்தவர். பேண்டுக்காரன் சண்டைக்குப் போக வேண்டியதில்லை என்று யாரோ சொன்னதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். பதினைந்து வருஷம் அது உண்மையாகவே இருந்தது. அணிவகுப்பு, பித்தளைப் பொத்தான், வாரத்துக்கு மூன்று ஒத்திகை என்று காலம் ஓடியது. பிறகு போர் வந்தது. வாத்தியங்களை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லி, இரண்டு பேருக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் கொடுத்தார்கள். போர்க்காலத்தில் அடிபட்டவனைத் தூக்குவது பேண்டுக்காரன் வேலை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிய வந்தது. நாலு மாதம் தூக்கினார். பக்கத்தில் விழுந்த குண்டு ஒன்று காதைக் கொண்டுபோனது. போர் முடிந்ததும் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்து, வந்திறங்கும் சவப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் வாசித்துவிட்டு வெளியே வந்தார்.

ஸ்டோர் வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், வெள்ளிக்கிழமைகளின் கடைசி இரண்டு மணி நேரம் அவர் தலையில் விழுந்தது. மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற நேரம் அது. மாணவர்களுக்கு வேலை இருக்காது, கைகலப்புதான் நடக்கும். ஏதாவது பாட்டு கீட்டு சொல்லிக் கொடுத்து உட்கார வையுங்கள் என்றார் பிரின்சிபால்.

அவர் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, இந்த வாரம் உனக்கு எதன் மேல் ஆத்திரம் வந்ததோ அதை எட்டு வரியில் எழுது என்றார். முதல் வாரம் எல்லோரும் வானத்தையும் நிலாவையும் எழுதினார்கள். அத்தனையையும் கிழித்துப் போட்டார். இரண்டாவது வாரம் ஒருவன் தன் அப்பா பல் விளக்கும் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தான். அதை அவர் நாலு தடவை வாய்விட்டுப் படித்து, மேஜையில் தாளம் தட்டி, கிளாரினெட்டில் ஒரு மெட்டும் போட்டுக் காட்டினார். சிரித்துச் சிரித்து வகுப்புக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா மேல் அந்தப் பையனுக்கு இருந்த ஆத்திரம் போனதா என்று கேட்டால், போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அவனால் உட்கார முடிந்தது. பார்க்காததை எழுதாதே, பார்த்ததை மறைக்காதே. அந்த வகுப்புக்குச் சட்டம் என்று இருந்தது அவ்வளவுதான். இரும்புத் தகடு, காலி டிரம், உடைந்த ரம்பம், கைக்குக் கிடைத்ததெல்லாம் வாத்தியம் ஆனது.

அந்த வகுப்பு தொடங்கி ஆறு வருஷம் கழித்து வந்தவள்தான் பொறி. வெல்டிங் பிரிவில் இருந்த ஒரே பெண். சட்டைக் கை முழுக்கத் தீப்பொறி பட்ட ஓட்டைகள், அதனால் அந்தப் பெயர். முதல் மூன்று மாதம் அவள் வெறும் தாளைத்தான் நீட்டினாள். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். நாலாவது மாதம் எழுதிக் கொடுத்தாள்.

அண்ணன் வந்த பெட்டியை
நாலு பேர் தூக்கினாங்க
தோள் மாத்தும்போது உள்ளே
சரசரன்னு கேட்டுச்சு
எங்கண்ணன் நடந்தா தடதடப்பான்
சிரிச்சா வீடே கடகடக்கும்
சரசரக்க மாட்டான் அவன்
யாரு அந்தப் பெட்டிக்குள்ள?

படித்து முடித்த பீப்பி சார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வகுப்பு காத்திருந்தது. அன்றைக்கு மெட்டுப் போடுகிற மாதிரி வாயில் காற்று வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். மெட்டை அடுத்த வாரம் மாணவர்களே போட்டார்கள். தகரத்தின் மேல் இரும்புத் துகளைக் கொட்டி அந்தச் சரசரப்பையும் கொண்டுவந்தார்கள்.

போரில் இறந்தவர்களின் நினைவு நாள் வந்தது. அந்த வட்டாரத்தில் பெரிய ஹால் பள்ளியில்தான் இருந்ததால் கூட்டத்தை அங்கே வைத்தார்கள், பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. ஒத்திகையைத் தூரத்திலிருந்து கேட்ட பிரின்சிபாலுக்கு மெட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. வரிகளை வாங்கிப் படித்த பிறகு பீப்பி சாரையும் பொறியையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல பாட்டு, அண்ணன் தடதடவென்று நடப்பதும் வீடே கடகடப்பதும் அருமை, அந்தச் சரசரப்பை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றார். பொறி ஏன் என்று கேட்டாள்.

"அப்ப உனக்கு என்ன வயசும்மா, பத்தா? துக்கத்துல சின்னப் பிள்ளைக்கு என்னென்னவோ கேக்கும். அது கற்பனை. சாரையே கேளு, அவர் ராணுவத்துல இருந்தவர்."

பொறி திரும்பிப் பார்த்தாள். பீப்பி சார் வாயைத் திறக்கவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

வெளியே வந்து பழைய இரும்பு டிரம்மை அவர் உதைத்த உதையில் செருப்பு வார் அறுந்தது. அவர் பின்னாலேயே வந்த பொறி, "சார், நீங்களும் கற்பனைன்னுதான் நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவர் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குள் போய் ஜன்னலைச் சாத்தினார்.

அவருக்குத் தெரியும். போர் முடிகிற சமயம், இரண்டு நாள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவரை நிறுத்தியிருந்தார்கள். உடல் கிடைக்காதவர்களின் பெட்டிகள் அங்கே இருந்தன. பக்கத்தில் ஆற்று மணல் குவியல், ஒரு மண்வெட்டி, ஒரு தராசு. நடுத்தர ஆளின் எடை வரும்வரை அள்ளிப் போட்டு, மூடியை எட்டு ஸ்க்ரூ வைத்து இறுக்கி, எண் எழுத வேண்டும். வெறும் பெட்டியை எப்படி ஒரு வீட்டுக்கு அனுப்புவது என்று மேலதிகாரி கேட்டார். அதை அவர் நல்ல மனதோடுதான் கேட்டார் என்பதுதான் பீப்பி சாரை இத்தனை வருஷமும் வயிறெரிய வைத்தது. கெட்டவன் ஒருவன் மிரட்டியிருந்தால் பழியை அவன் மேல் போட்டுவிடலாம். நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தொன்று வரை, பதினோரு பெட்டிகள். யாரிடமும் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அதே பெட்டிகளுக்கு முன்னால் நின்றுதான் அவர் கிளாரினெட் வாசித்தார். ஒரு மெட்டு ஒன்றரை நிமிஷம் வரும்.

அன்று சாயங்காலம் முதல்முறையாக மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி தையற்காரி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். தெருவில் எங்கே வீடு கட்ட மணல் கொட்டியிருந்தாலும் இந்த மனிதர் ஏன் சுற்றுவழியில் போகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறுதல் சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பார்த்ததை மறைக்காதேன்னு ஆறு வருஷமா சொல்லிக் குடுக்கறீங்க," என்றாள். "உங்களுக்கே வெக்கமா இல்லையா? எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் என்ன அந்தப் பையனோட அம்மாவா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறியின் வீட்டுக்குப் போனார். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். விடுமுறை நாளில் வீட்டிலும் அதே வேலைதான். மகளின் வாத்தியார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே, கொட்டகையையும் தராசையும் எண்களையும் சொன்னார். பொறி வாசற்படியில் நின்று கேட்டாள்.

அம்மா முதலில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு அலமாரியைத் திறந்து, பெட்டியை ஒப்படைத்தபோது கொடுத்த சீட்டை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள். நாற்பத்தேழு என்று இருந்தது.

"எந்தக் கையால அள்ளுன?" என்று கேட்டாள்.

அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"எட்டு வருஷமா ஆத்து மணலுக்குப் பூ வச்சிருக்கேன். மழையில அவன் நனைவானேன்னு மேல தகடு போட்டேன். அன்னைக்கு நீதான் ஊதினியா?"

நாங்கள் நாலு பேர் மாறி மாறி வாசித்தோம், எந்த வீட்டுக்கு யார் என்று ஞாபகமில்லை என்றார் அவர்.

"ஊதினவன் கையைப் புடிச்சு நன்றி சொன்னேன் நான். அதுகூட உனக்கு ஞாபகம் இல்ல." நீங்க என்று வரவேற்றவள் நீ என்று இறங்கியதை அவளும் கவனிக்கவில்லை. "அழுது காட்டாத. எனக்குப் பார்க்கப் பிடிக்கல. உன்னை நான் மன்னிக்கப் போறதில்ல, அதுக்காக நீ இங்க வர வேண்டாம். அவ பாட்டுல ஒரு எழுத்து குறையக் கூடாது. அதை மட்டும் பாரு."

திங்கட்கிழமை அவர் பிரின்சிபால் அறைக்கு ஒரு தாளோடு போனார். பதினோரு எண்கள், தேதி, இடம், செய்தது இன்னார் என்று தன் கையெழுத்து. பிரின்சிபால் முதல் வரியைப் படித்துவிட்டு, சூடான தகடு பட்டமாதிரி கையை எடுத்துக்கொண்டார். இதை நான் பார்க்கவே இல்லை, நீங்களும் கொடுக்கவே இல்லை என்றார். பாட்டு நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை வகுப்பும் அந்த வாரத்தோடு நின்றது. ஜன்னல் வேலை மட்டும் மிச்சம்.

நினைவு நாள் காலையில், உள்ளே நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளி கேட்டுக்கு வெளியே ஏழு மாணவர்கள் தகடும் டிரம்மும் வைத்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவர்களின் வீட்டுக்காரர்கள் நல்ல துணி உடுத்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பொறி பாடினாள். பெரிய குரல் இல்லை, சுருதியும் இரண்டு இடத்தில் விலகியது. இரும்புத் துகள் தகரத்தில் சரசரத்தபோது நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பீப்பி சார் தாளை எடுத்தார். தான் யார், என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட்டு எண்களைப் படித்தார். வாட்ச்மேன் வந்து தோளைப் பிடிக்கும்போது எட்டாவது எண்ணில் இருந்தார். பிடித்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மீதி மூன்றையும் படித்து முடித்தார்.

கூட்டத்திலிருந்து ஒருவர் நேராக வந்து அவர் கன்னத்தில் அறைந்தார். ஐம்பதாம் எண் அவருடைய தம்பி. இன்னொரு பெண், என் நிம்மதியைக் கெடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு பேர் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். யாரும் அவரைத் தட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக அவர் வந்திருக்கவும் இல்லை.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் மனு, பதில், மறுபடி மனு. நாலு குடும்பங்கள் சேர்ந்து போராடியதில் நாலு பெட்டிகளைத் திறந்தார்கள். நாலிலும் மணல். நாற்பத்தேழாம் பெட்டியில் மணலோடு ஒரு பீடித்துண்டும் இருந்தது, மணல் குவியலில் யாரோ எறிந்தது. மேலிடத்திலிருந்து பொறியின் வீட்டுக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. அண்ணன் கடைசியாகக் காணப்பட்ட ஆற்றங்கரையின் பெயர் அதில் இருந்தது, வருத்தம் என்ற சொல் இல்லை. பீப்பி சாரை விசாரணைக்கு மூன்று முறை கூப்பிட்டார்கள். ஸ்டோர் வேலையும் போனது. பொறி படிப்பை முடித்து பஸ் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தாள். பட்டறை முதலாளியிடம் அவளே பேசி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மூலையை வாங்கிக் கொடுத்தாள். வகுப்பு அங்கே நடக்கிறது. பாதிக் கட்டிய பஸ்ஸுக்குள் சீட்டு இல்லாத தரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அவர் கத்துவது மட்டும் குறையவில்லை.

போன மழைக்காலத்திலிருந்து பொறியின் அம்மாவும் வருகிறாள். அவரோடு பேசமாட்டாள். கடைசியில் உட்கார்ந்து, எழுதியதை மகளிடம் கொடுத்து அனுப்புவாள். முதல் தாளே அவரைப் பற்றித்தான், மணல் அள்ளிய கையைப் பற்றி, வாய்க்கு வந்தபடி எட்டு வரி. அவர் அதை முழு வகுப்புக்கும் உரக்கப் படித்தார். ஒரு வசவையும் விடவில்லை. பிறகு, மூணாவது வரியில் தாளம் இடறுகிறது, ஒரு அசை கூடுதல், சரிசெய்து தரச் சொல்லு என்று பொறியிடம் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா தாளை வாங்கி முழங்காலில் வைத்து, அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். முன்னதைவிட மோசமான வசவு. தாளம் சரியாக இருந்தது.