பீரோக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு

கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வைத்தால் முன்னால் நிற்பவர் முகம் பளிச்சென்று தெரியும் என்று நம்பிய முட்டாள் நான். பள்ளிக்கூடத்தில் ஒளியைப் பற்றி நடத்திய அன்று லீவு போட்டிருப்பேன் போலிருக்கிறது.

போன தை மாதம் என் மனைவிக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மருந்து, பயிற்சி எல்லாம் ஆகி, முக்கால்வாசி சரியாகிவிட்டது என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை. நம்புவதற்குப் பார்க்க வேண்டுமே. பீரோக் கண்ணாடியைப் பேப்பர் ஒட்டி மூடியிருந்தாள். பொட்டைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் வைப்பாள்.

இந்த நிலையில் அவள் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்வது கூடப் பிறந்தவள்தான். பட்டுடுத்தி, நகை போட்டு, சனமெல்லாம் பார்க்க அவனோடு உட்கார வேண்டும். “சித்தப்பா மவ உக்காரட்டும்” என்றுவிட்டாள். தம்பி பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

நான் என் மேதாவித்தனத்தைக் கையில் எடுத்தேன். சங்ககிரியில் லாரி உடைக்கும் இடத்தில் ஒரு பழைய சைடு பலகை வாங்கிவந்து சட்டமாக அறுத்தேன். பீரோவிலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் பேப்பரைச் சுரண்டினேன். லாரி கேபினில் அலங்காரத்துக்கு ஒட்டும் லைட்டுப் பட்டையும் அங்கேயே கிடைத்திருந்தது. பேட்டரியில் எரிய வேண்டியதை வீட்டுக் கரண்டில் நேராகச் செருகி, மொத்த வீட்டையும் இருட்டாக்கிய பிறகுதான் அடாப்டர் ஞாபகம் வந்தது; கருகியதற்குப் பதில் இன்னொரு பட்டையும் சேர்த்து வாங்கிவந்தேன்.

சாயங்காலம் பட்டையைச் சட்டத்தின் பின்னால் ஒட்டி, கண்ணாடியைச் சுவரில் மாட்டி ஸ்விட்சைத் தட்டினேன். சுற்றிலும் சுவர் ஜொலித்தது. நடுவில் என் முகம் கருப்பாகத் தெரிந்தது. எனக்கு அது லாபம்தான். அவளுக்கு?

வந்து எட்டிப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, லைட்டு செவுத்துக்கு அடிக்குது. மூஞ்சிக்கு அடிக்கலியே.”

“தப்பாப் போச்சு அம்மிணி. பிரிச்சு மாத்திர்றேன்.”

“உடுங்க. இப்படியே இருக்கட்டும்.”

அந்த மங்கலில் கண்ணாடிக்கு அருகே போனாள். உதட்டோரத்தை விரலால் தொட்டாள். மெல்லச் சிரித்துப் பார்த்தாள். பிறகு அவளே போய் டியூப்லைட்டைப் போட்டாள். திரும்பி வந்து, முழு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள்.

“இணைச்சீருக்குச் சேலை எடுக்கச் சொல்லி உங்க சித்தப்பா மவளுக்குப் போன் போட்டரட்டுமா?” என்றேன்.

“நான் இருக்கறப்ப அவ எதுக்கு?”